சனிக்கிழமைக் காய்ச்சல்

இடதுகால் செருப்பு முடிந்துவிட்டது. இப்போது வலதுகால். அதை மடியில் கிடத்தி, விரல் நுனியில் புங்கெண்ணெய் தொட்டு, கைக்குழந்தைக்கு முதுகு நீவுவதுபோல் நீவுகிறார் இருதயராஜ். நீவி முடித்ததும் காதருகே கொண்டுபோய் ஒரு தடவை மடக்கிப் பார்க்கிறார். 'கிரீச்' என்றால் இன்னும் தாகம். சத்தம் இல்லாவிட்டால் திருப்தி.

செருப்புக்கு அடுத்து இடுப்பு வார். அதற்கப்புறம் மோட்டார்: முன் ஸீட்டு, பின் ஸீட்டு, மடக்குக் கூரையை இழுத்துக் கட்டும் வார்கள், கதவின் உட்புறத்துக் கைப்பட்டை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்பூரில் தோல் ஷாப்புகளெல்லாம் லீவு. பதனிடும் தொட்டிகள் மூடிக் கிடக்கும். முதலாளிமார் தொழுகை முடித்து, சாப்பிட்டுச் சாய்ந்திருப்பார்கள். ஊர் முழுவதும் தோலை மறந்திருக்கும் அந்த ஒரு வேளையில் தோலை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஜீவன், அதாவுல்லா சாகிபு வீட்டு மோட்டார்க் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் இந்த டிரைவர்தான்.

"தோலுக்கு வாய் கெடையாது. தாகம்னு கேக்காது. பாக்கறவன்தான் பாத்துக் குடுக்கணும்" என்பார்.

அவர் பார்க்கிறவர். வேண்டாம் என்றாலும் பார்ப்பார். மசூதி வாசலில் சாகிபுக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஜட்காவின் வண்டிக்காரன் வெற்றிலை வாங்கப் போனால் போதும். திரும்பி வருவதற்குள் குதிரையின் கடிவாள வார் பளபளவென்று மின்னும். தபால்காரரின் பைவார் வெடித்திருப்பதைக் கண்டு, தபாலை வாங்காமல் பையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக ஒரு கதை உண்டு. அன்றைக்கு அந்தத் தெருவுக்குச் சுப செய்தி, துக்க செய்தி எல்லாமே புங்கெண்ணெய் வாசனையோடு போய்ச் சேர்ந்ததாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் வறண்ட செருப்புகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போவதுதான் அவருக்கு வாரத்தின் பெரிய சோதனை. சில வாரம் ஜெயிக்கிறார்.

ஆள் குட்டை. காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான், மேலே ஒரு தொப்பி. மற்ற டிரைவர்களுக்குக் கையெல்லாம் காய்ப்புக் காய்த்திருக்கும். இவர் உள்ளங்கை மட்டும் ஜமீன்தார் வீட்டு மாப்பிள்ளையின் கைபோல் மெத்தென்றிருக்கும். மோட்டார் ஏறுவதற்கு முன்னால் அவர் சாகிபின் ஷாப்பில் எண்ணெய் மேசையில் நின்றவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வெளியே வந்த தோலை மேசையில் விரித்து, வெறும் உள்ளங்கையாலேயே எண்ணெய் ஏற்ற வேண்டும். அதற்கும் முன்னால், மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி. குழியைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் கால் விரல்களைச் செருப்புக்குள் சுருக்கிக்கொள்வார். சுண்ணாம்பு தின்று மிச்சம் வைத்த விரல்கள்.

மோட்டாரிடம் அவரைக் கொண்டு சேர்த்ததும் எண்ணெய்தான். சாகிபு சென்னையிலிருந்து பழைய அமெரிக்க வண்டி ஒன்றை வாங்கி வந்தபோது அதன் ஸீட்டெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. "எண்ணெ மேச ராஜுவக் கூப்பிடு" என்றார். எண்ணெய் போட ஏறிய ராஜு இறங்கவே இல்லை. வண்டியோடு வந்த சென்னை டிரைவர் ஆம்பூர்க் காற்றை, அதாவது ஷாப்புகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் காற்றை, ஒரு மாதம் சுவாசித்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ரயிலேறினார். அந்த ஒரு மாதத்தில் பக்கத்திலிருந்து பார்த்தே வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் ஏற்கெனவே ஸீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இனி வண்டிக்குள் ஓடும் ஒரு வாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வண்டியின் மூக்கில் ரேடியேட்டர். அதற்குள் எஞ்சினைச் சுற்றி வந்த சுடுதண்ணீர் ஆறும். அதற்குப் பின்னால் நான்கு இலையுள்ள இரும்பு விசிறி. எஞ்சின் சுற்றும்போது ஒரு வார் இந்த விசிறியையும் சேர்த்து இழுத்துச் சுற்றும், விசிறி காற்றை இழுக்கும், தண்ணீர் ஆறும். வண்டியோடு வந்த கித்தான் வார் மாசி மாதத்தில் அறுந்துபோயிற்று. சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"ஆம்பூர்ல குந்திகினு வாருக்கு மெட்ராசப் பாக்கறதா?" என்று இருதயராஜுக்கு ரோஷம் வந்தது. சாகிபுக்கு அதைவிட ரோஷம். ஷாப்பிலிருந்த எருமைத் தோலில் முதுகுப் பாகமாகத் தேர்ந்தெடுத்து வெட்டி, தைத்து, புதுவார் போட்டார் இருதயராஜ். அன்றுமுதல் விருந்தாளி யார் வந்தாலும் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார் சாகிபு. "எஞ்சின் அமெரிக்காக்காரனுது. அதுக்கு விசிறி போடறது நம்ம தோலு!"

சித்திரை பிறந்தது. வண்டிக்குக் காய்ச்சல் கண்டது.

காய்ச்சல் என்றால் எல்லா நாளும் இல்லை. திங்கட்கிழமை சாகிபு வாணியம்பாடி போவார். வண்டி சமர்த்தாக ஓடும். புதன்கிழமை திருப்பத்தூர், அதே சமர்த்து. சனிக்கிழமை மட்டும் சாகிபின் மனைவி சுகரா பேகம், வேலூரில் கட்டிக்கொடுத்த மகள் பில்கிஸைப் பார்க்கப் புறப்படுவார். பள்ளிகொண்டா தாண்டும்போது வண்டிக்குப் பெருமூச்சு வாங்கும். விரிஞ்சிபுரத்துப் புளியமரம் வரும்போது மூடி வழியே ஆவி சீறும். அங்கே நிறுத்தி, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆறவைத்துக் கிளம்புவதற்குள் கொண்டுபோகும் சாப்பாடும் ஆறிவிடும்.

"நான் போனா கொதிக்கல. நீ போனா கொதிக்குது" என்றார் சாகிபு மனைவியிடம்.

"என்னப் பாத்தா கொதிக்கிறது வண்டி மட்டுமா?" என்றார் பேகம்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஜட்காக்காரர் சுப்பராயன், "சனிக்கிழமைன்னா சனி புடிக்காம இன்னா பண்ணும்?" என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் போனார். இருதயராஜின் சம்சாரம் சவுரியம்மாள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஷாப்பு மேஸ்திரி தர்காவில் மந்திரித்த தாயத்தை ரேடியேட்டரில் கட்டினார். மூன்று மார்க்கத்துக் காவலோடும் புறப்பட்ட வண்டி, விரிஞ்சிபுரத்தில் ஒரு பேதமும் பாராட்டாமல் கொதித்தது.

இருதயராஜும் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தார், கிணற்றை மாற்றினார். ரேடியேட்டரைச் சந்தேகித்தார், புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சூரியனைச் சந்தேகித்தார், விடியும் முன்பே புறப்பட்டுப் பார்த்தார். கடைசியில் பேகத்தின் டிபன் கேரியரின் எடையைக்கூடச் சந்தேகித்து, அதை வெளியே சொல்ல முடியாமல் தவித்தார். தினமும் உள்ளங்கையை ரேடியேட்டரின்மேல் வைத்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தகப்பன்போல் உதட்டைப் பிதுக்குவார். ஒன்றை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. அவர் மட்டுமென்ன, ஆம்பூரில் யாருமே சந்தேகிக்கவில்லை. அந்த ஊரில் இரும்பைச் சந்தேகிக்கலாம், அமெரிக்காவைச் சந்தேகிக்கலாம், கிரகங்களைச் சந்தேகிக்கலாம். தோலைச் சந்தேகிக்க முடியாது.

இந்தக் காய்ச்சலால் உலகத்தில் லாபமடைந்தவர் ஒருவர்தான். அவர் அமிர்தவள்ளி. விரிஞ்சிபுரத்துப் புளியமரத்தடியில் மோர்ப்பானை வைத்திருப்பவர். முதலில் எல்லா நாளும் சின்னப் பானையோடு கடை போட்டவர், பிறகு சனிக்கிழமைக்கு மட்டும் பெரிய பானை கொண்டுவர ஆரம்பித்தார். வண்டி நின்றால் பேகத்துக்கு மோர், இருதயராஜுக்கு மோர், வேடிக்கை பார்க்க வரும் ஊருக்கு மோர்.

"வா டைவரே! இன்னும் காணோமேன்னு பாத்துகினே இருந்தேன்" என்று சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல் வரவேற்பார்.

உண்மையான சம்பந்தி வீட்டார்தான் விஷயத்தை விபரீதமாக்கினார்கள். பில்கிஸுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வேலூரிலிருந்து சம்பந்தியம்மாளின் வாய்மொழி வந்தது: "உங்க மோட்டார் விரிஞ்சிபுரம் வரைக்கும்தானே வரும்? மாசமா இருக்கற பொண்ண புளியமரத்தடியில குந்த வெக்கவா? அடுத்த சனிக்கிழமை வண்டி கொதிக்காம எங்க வாசலுக்கு வரட்டும், அனுப்பறோம். இல்லாட்டி புள்ள இங்கயே பொறக்கட்டும்."

அந்த வார்த்தை சாகிபைச் சுட்டது. இருதயராஜைக் கூப்பிட்டார்.

"ராஜு, சனிக்கிழமை பில்கிஸ் வந்து சேரணும். வழியில நின்னுதுன்னா, திங்கக்கிழமை மெட்ராஸ்லேந்து வேற டிரைவர் வர்றான். பேசி வெச்சிட்டேன்."

"அப்ப நானு, சாகிபு?"

"ஷாப்பு எங்கியும் போய்டலியே. எண்ணெ மேசையில ஆளு ஜாஸ்தி. குழியிலதான் கம்மி."

இருதயராஜின் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன.

செவ்வாய்க்கிழமை வண்டியை வேலூருக்கே ஓட்டிக்கொண்டு போனார். கோட்டைக்கு எதிர்ப்புறத்தில் ரிப்பேர்க் கொட்டகை வைத்திருந்த முக்தார் அகமதுவிடம் காட்டினார். முக்தார் எஞ்சினைக் கேட்டார், தட்டினார், முகர்ந்தார். பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த பெட்ரோல் கைப்பிடியை இழுத்து எஞ்சினை உறும விட்டார்.

"விசிறியப் பாருங்க டிரைவரே. எல தெரியுதா?"

"தெரியல. வெறும் பொக மாதிரி இருக்குது."

"அப்ப விசிறி நல்லாத்தான் சுத்துது. எஞ்சின் வேகத்துல ஓடும்போது எலய எண்ண முடிஞ்சா, வார் வழுக்குதுன்னு அர்த்தம். எண்ண முடியாட்டி சொகம். உங்க வண்டி சொகம்." ஒரு சலாம் போட்டார்.

நோயாளி வைத்தியரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்ட கதைதான். இருதயராஜ் சந்தோஷமாகத் திரும்பினார். வண்டி, விரிஞ்சிபுரத்தில் நிற்கக்கூட இல்லை. சனிக்கிழமை இல்லையல்லவா!

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் பில்கிஸ் ஏறி வரப்போகும் வண்டி. இருதயராஜ் அன்றைக்கு டின்னோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஸீட்டுக்கு இரண்டு பூச்சு. கைப்பட்டைக்கு இரண்டு பூச்சு. கண்ணில் பட்ட தோலெல்லாம் எண்ணெய் குடித்தது. பொழுது சாயும்போது வண்டி, கல்யாணப் பெண்போல் மினுங்கியது.

சனிக்கிழமை காலை. பின் ஸீட்டில் திரை கட்டி, புர்காவுக்குள் சுகரா பேகம். முன்னால் இருதயராஜ். மாதனூர் தாண்டினார்கள், மூச்சில்லை. பள்ளிகொண்டா வந்தது, லேசாக ஒரு முனகல். பேகம் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார். விரிஞ்சிபுரத்துக் கோபுரம் தெரிந்தது. புளியமரத்துக்கு இன்னும் தூரம் இருக்கையிலேயே ரேடியேட்டர் மூடி, பால் பொங்கி வழிவதுபோல் பொங்கி வழிந்தது. எந்தச் சனிக்கிழமையிலும் இவ்வளவு சீக்கிரம் இல்லை.

இருதயராஜ் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அமிர்தவள்ளி தூரத்திலிருந்தே ஆவியைப் பார்த்துவிட்டு, மோர்ப்பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்து வந்தார். "இன்னா டைவரே, இன்னைக்குக் கடைக்கு வரமாட்டேன்னு இங்கியே குந்திகினியா?"

"போம்மா, நீ வேற. என் பொழப்பே கொதிச்சுப் போச்சு."

"கொதிச்சா ஆறும். மொதல்ல மோர் குடி."

திரைக்குப் பின்னாலிருந்து பேகத்தின் குரல் வந்தது. "ராஜு, அந்த முக்தார் பாய் இன்னா சொன்னாரு? மறுபடி சொல்லு."

சொன்னார். எஞ்சினை உறும விடுவது, விசிறி, இலை, எண்ணிப் பார்ப்பது எல்லாம் சொன்னார். "செவ்வாக்கெழம பாத்தோம் பேகம்மா. ஒண்ணும் இல்ல."

"செவ்வாக்கெழம காய்ச்சல் இல்லியே! காய்ச்சல் அடிக்கிற நாள்ல தானே நாடி பாக்கணும்? அரே, இப்ப பாரு!"

இருதயராஜுக்கு இதுவரை அது தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் ஒரு சங்கடம்: இவர் விசிறியைப் பார்த்தால் கைப்பிடியை யார் இழுப்பது? ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு இந்தச் சங்கடத்தைச் சொன்னார். திரை விலகியது. புர்காவுக்குள்ளிருந்து வளையல் போட்ட கை ஒன்று முன் ஸீட்டின் மேலாக நீண்டு வந்தது.

"எந்தக் கைப்பிடி? இதுவா?"

"அது ஹாரன், பேகம்மா."

'பாம்' என்று அலறியது. அமிர்தவள்ளி பானையை இறுக்கிக்கொண்டார். இரண்டாம் முயற்சியில் சரியான கைப்பிடி அகப்பட்டது. எஞ்சின் உறுமியது. பேகத்துக்கு அது பிடித்திருந்தது போலும். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

இருதயராஜ் விசிறியைப் பார்த்தார். பக்கத்தில் அமிர்தவள்ளியும் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றார் அமிர்தவள்ளி. "நாலு எல. மாவு அரைக்கிற கணக்கா மெல்லமா சுத்துது. இத எண்ணத்தானா இம்மாம் சத்தம்?"

எஞ்சின் நெருப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி மட்டும் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல் அசைந்தது. கீழே எஞ்சினின் சின்னச் சக்கரம் சுற்ற, வார் அதைப் பிடிக்காமல் அதன்மேல் சறுக்கிக்கொண்டே இருந்தது. பானெட்டின் உட்புறத்தில், வார் ஓடும் இடத்துக்கு நேராக, மெல்லிய கோடாய் ஏதோ தெறித்து மினுங்கியது.

"நிறுத்துங்க பேகம்மா."

அறுந்துவிட்டதா என்று பார்த்தார், இல்லை. தளர்ந்துவிட்டதா என்று அமுக்கிப் பார்த்தார், விறைப்பாகவே இருந்தது. அமிர்தவள்ளி தம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து வெள்ளிக்கெழம எங்க வூட்ல பொம்பளைங்க எண்ணெ தேச்சிக் குளிச்சாங்க. ஒன் வண்டியும் குளிச்சுதா? மூஞ்செல்லாம் வழியுதே. எண்ணெ வெச்சவ சீயக்கா போட மறந்துட்டாளா?"

இருதயராஜ் வாரை விரலால் தொட்டார். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனார்.

புங்கெண்ணெய். அதில் ஒரு துளி விளக்கெண்ணெய். இந்தச் சேர்மானம் ஆம்பூரில் ஒருவருக்குத்தான் தெரியும்; அந்த ஒருவர் இப்போது விரலை முகர்ந்துகொண்டு நின்றார்.

மாசியில் வார் போட்டதுமுதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பானெட்டைத் திறந்து, 'உள்ள கெடக்குது, யாரும் பாக்கமாட்டாங்க, பாவம்' என்று அதற்கும் ஒரு கை தடவிவந்தது அவருக்கு நினைவில் இருந்தது. நினைவில் இருந்தது என்பதுகூடச் சரியில்லை. கை செய்துவந்தது, அவர் கூடவே இருந்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை வார் வழுக்கும்; சித்திரை வெயில் வந்ததும் அது கொதிப்பாய் வெளியே தெரிந்தது. அன்றைய ஓட்டத்தில் படிந்த சாலைப் புழுதி, அவர் ஞாயிறு பூசைக்குப் போய்வருவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். திங்கள், செவ்வாய், புதனில் வண்டி தேறிய உடம்போடு ஓடும். வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணெய். சனி பகவான் ஒரு பாவமும் அறியாதவர்.

"இன்னா ராஜு? இன்னா வியாதி?" பேகம் கேட்டார்.

இருதயராஜ் அமிர்தவள்ளியிடம் திரும்பினார். "அடுப்புச் சாம்பல் இருக்குதாம்மா?"

"மோர்க் கடையில சாம்பலா? வூட்லேந்து கொண்டாரணும்." பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். சனிக்கிழமை வியாபாரத்துக்குத் தாமே சாம்பல் போடுகிறோம் என்று தெரிந்தேதான் ஓடினார் என்று நம்பலாம்; போகும்போது, "அப்ப இனிமே சின்னப் பானைதான்" என்று சொல்லிக்கொண்டு போனதை பேகம் கேட்டார்.

இருதயராஜ் வாரைக் கழற்றிச் சாம்பலில் புரட்டித் தேய்த்தார். துடைத்தார். மறுபடி சாம்பல். எருமைத் தோலின் மினுமினுப்பு போய், அது வெளுத்து, வறண்டு, மழை காணாத ஏரிபோல் ஆயிற்று. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவர் முகம் சுளித்தது. தன் தோலையே தேய்ப்பதுபோல. வார் ஓடும் சின்னச் சக்கரங்களையும் துடைத்துவிட்டு வாரை மாட்டினார். பேகத்தின் வளையல் கை நீண்டது. இம்முறை ஹாரன் பக்கம் போகவில்லை.

"எண்ணும்மா" என்றார் இருதயராஜ்.

அமிர்தவள்ளி குனிந்தார். "ஒண்ணு..." என்றார். அப்புறம் நிமிர்ந்தார். முந்தானை படபடத்தது. "எத எண்றது? காத்துதான் வருது."

வேலூரில் சம்பந்தியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று வண்டியைப் பார்த்தார். வண்டி தாமதம்தான், ஆனால் ஆவி இல்லை. முனகல்கூட இல்லை. நம்பிக்கை இல்லாமல் வேலைக்காரியை அனுப்பி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொட்டுவிட்டு, "வெதுவெதுன்னு இருக்குதும்மா, கொழந்தையக் குளிப்பாட்டலாம்" என்றாள். அந்த வார்த்தையில் பில்கிஸ் சிரித்துவிட்டாள். சிரித்த மருமகளை நிறுத்தி வைப்பது மாமியாருக்கு அழகில்லை. தலையணை, மூட்டை, மாங்காய் ஊறுகாய் ஜாடியோடு பில்கிஸ் வண்டி ஏறினாள்.

திரும்பும்போது விரிஞ்சிபுரத்துப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. அமிர்தவள்ளிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐயையோ, மறுபடியுமா டைவரே?"

"மறுபடியும் இல்ல. வண்டிக்குத் தாகம் இல்ல. பொண்ணுக்குத்தான் தாகம். மோர் குடு." கொதிக்காமலே அந்த மரத்தடியில் அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பில்கிஸ் ஒரு செம்பு குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அமிர்தவள்ளி பொட்டலமாய் இன்னும் கொஞ்சம் சாம்பலை முன் ஸீட்டில் வைத்தார்.

ஆம்பூரில் மகளை இறக்கி உள்ளே அனுப்பியபின் சாகிபு கொட்டகைக்கு வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். வெளுத்துக் கிடந்த வாரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதான் தப்பா, ராஜு? நம்ம தோலா?"

குரல் தணிந்திருந்தது. எத்தனை விருந்தாளிக்குக் காட்டிய வார்! ஆமென்று சொல்லிவிட்டால் போதும். பழி எருமையோடு போய்விடும். சென்னையிலிருந்து கித்தான் வார் வந்துவிடும். யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். இருதயராஜின் விரல்கள் செருப்புக்குள் சுருங்கின. பிறகு விரிந்தன.

"தோலு மேல தப்பு இல்ல சாகிபு. தோலு தங்கம். தப்பு இதுமேல" என்று இரண்டு உள்ளங்கையையும் மலர்த்திக் காட்டினார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தடவியதைச் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்பதையும் சொன்னார்.

சாகிபு அந்தக் கைகளைப் பார்த்தார். கோபிக்க வேண்டுமென்றுதான் பார்த்தார். ஆனால், 'தோலு தங்கம்' என்ற வார்த்தை ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இடம் கொடுக்க மறுத்தது.

"ஜாஸ்தி போட்டுட்டே."

"ஜாஸ்திதான், சாகிபு."

"ஷாப்புல இதே கையால கம்மியாப் போடறேன்னு எத்தினி தடவ உன்னத் திட்டியிருக்கேன்!" சாகிபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகிற போக்கில், சென்னைக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி மேஸ்திரிக்குக் குரல் கொடுத்தார். ஊரில் இப்போது விருந்தாளி வந்தால் வாரைக் காட்டி, "எண்ணெ கூட இல்லாம இழுக்குது பாருங்க!" என்கிறார்.

பில்கிஸின் பிள்ளைக்கு இப்போது பல் முளைக்கிறது. அவன் வந்த வண்டி சனிக்கிழமைகளில் விரிஞ்சிபுரத்தை நிற்காமல் தாண்டுகிறது; மோர் வேண்டுமென்றால் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை. செருப்பு முடிந்தது. இடுப்பு வார் முடிந்தது. ஸீட்டு, கூரை வார், கைப்பட்டை, குழந்தையின் தொட்டிலுக்குப் புதிதாகத் தைத்துக் கொடுத்த தோல்பட்டைகள்கூட முடிந்தன. எண்ணெய் டின்னில் இன்னும் பாதி இருக்கிறது. இருதயராஜ் அதை இறுக மூடுகிறார். வீட்டின் பின்வாசலுக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "பேகம்மா" என்கிறார். வளையல் போட்ட கை வெளியே வந்து டின்னை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் அவர் கொட்டகைக்குத் திரும்பி பானெட்டைத் திறக்கிறார். வெளுத்து, வறண்டு, வாயில்லாமல் கிடக்கிறது வார். உள்ளங்கையை அருகில் கொண்டுபோகிறார். நிறுத்துகிறார். கையைத் திருப்பி, எண்ணெய் படாத புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.